புதிய செயலியையும் கருவியையும் சோதித்துப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாக ஒரு செயலி வந்திருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே இறக்கிப் பார்ப்பதில் தப்பில்லை. தகராறு அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. இரண்டு நாள் பழகியதுமே வருடக்கணக்கில் சேர்த்த குறிப்புகளையும் படங்களையும் அதற்குள் கொட்டிவிடுகிறோம். கொஞ்ச நாளில் சந்தா ஏறுகிறது, இல்லையென்றால் கம்பெனியே கடையைக் கட்டிவிடுகிறது. போட்டதை எடுத்துக்கொண்டு வெளியே வர வழி இருக்கிறதா என்று அப்போதுதான் தேடுகிறோம்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். ஒரு செயலி என்னவெல்லாம் செய்யும் என்பதை விளம்பரமே சொல்லிவிடும். பிடிக்காவிட்டால் அதிலிருந்து எப்படி விலகுவது என்பதை நாம்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

படி 1: எந்த வேலைக்கு?

இறக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். "ரசீதுகளைப் படம் எடுத்து மாதவாரியாகத் தேட வேண்டும்" என்பது போல. "வாழ்க்கையை ஒழுங்குபடுத்த வேண்டும்" என்று எழுதினால் எந்தச் செயலியும் தேறாது, எந்தச் செயலியும் தோற்காது. அந்த ஒரு வரி எழுத வரவில்லையென்றால் உங்களுக்கு இப்போதைக்கு அந்தச் செயலி தேவையில்லை என்று அர்த்தம். சும்மா பார்க்க ஆசையாக இருக்கிறதா? தாராளமாகப் பாருங்கள், ஆனால் உங்கள் சொந்தத் தகவல் எதையும் அதற்குள் போடாதீர்கள்.

படி 2: சோதனைக்கென்று ஒரு தனி இடம்

முதலில் பேக்கப். 3-2-1 என்று ஒரு பழைய விதி இருக்கிறது: முக்கியமான எதற்கும் 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பில், அதில் 1 வேறொரு இடத்தில். கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் கணக்கு சரியாகிவிடும். புதிய மென்பொருள் உங்கள் கோப்புகளைத் தொடப்போகிறது என்றால், பேக்கப் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஒரு விஷயம்: கிளவுடில் சிங்க் ஆவது, அதாவது இங்கே நடக்கும் மாற்றம் அங்கேயும் தானாக நடப்பது, மட்டும் பேக்கப் ஆகாது. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

அப்புறம் மின்னஞ்சல். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தால், கடிதம் உங்கள் பெட்டிக்கே வந்து சேரும். ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சொல் என்று வைத்துக்கொண்டால், யார் உங்கள் முகவரியை வெளியே விட்டார்கள் என்பது பின்னால் தெரிந்துவிடும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அங்கே ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, ஆப்பிளின் முகவரி மறைக்கும் வசதி போன்றவை கைகொடுக்கும்.

கணினி மென்பொருளுக்கு இன்னும் நல்ல வழிகள் இருக்கின்றன. விண்டோஸ் புரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளில் 2019 முதல் 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்' என்று ஒன்று உண்டு. செட்டிங்ஸில் அதை இயக்கிவிட்டுத் திறந்தால், கணினிக்குள்ளேயே ஒரு வெற்று விண்டோஸ் திறக்கும். அதில் எதை வேண்டுமானாலும் நிறுவிப் பாருங்கள். ஜன்னலை மூடியதும் எல்லாம் சுவடில்லாமல் போய்விடும். ஹோம் பதிப்பில் இது கிடையாது, அங்கே கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக் காட்டும் இலவசமான விர்ச்சுவல்பாக்ஸ் போதும். லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? உபுண்டுவை ஒரு பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். நிறுவு என்று நீங்கள் சொல்லாதவரை உங்கள் ஹார்டு டிஸ்க் இருந்தபடியே இருக்கும்.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்) என்றால் பிரவுசரில் தனியாக ஒரு புரொஃபைல் உருவாக்கி அதில் மட்டும் போட்டுப் பாருங்கள். "நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷன் உங்கள் வங்கிப் பக்கத்தையும் படிக்க முடியும். நல்ல எக்ஸ்டென்ஷன்கள் கை மாறி, புதிய உரிமையாளர் ஒரு அப்டேட்டில் விஷமம் சேர்த்த கதைகளும் உண்டு. வங்கி வேலைக்கு எக்ஸ்டென்ஷனே இல்லாத ஒரு புரொஃபைல் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். தேடல் முடிவுகளில் மேலே வருவது பல நேரம் விளம்பரம். அதில் அசல் தளம் போலவே வேஷம் போட்ட போலித் தளமும் வரலாம். முகவரியைப் படித்துவிட்டுச் சொடுக்குங்கள். சந்தேகம் வந்தால் கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல வைரஸ் தடுப்பு நிரல்கள் ஒரே நேரத்தில் அதை அலசும். ஆனால் அங்கே ஏற்றுவதை ஆய்வாளர்களும் எடுத்துப் பார்க்க முடியும். எனவே நிறுவும் கோப்புகளை ஏற்றலாம், உங்கள் சொந்த ஆவணங்களை ஏற்றக் கூடாது.

படி 3: கேட்கும் அனுமதிகளைப் படியுங்கள்

டார்ச் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் அங்கேயே கதை முடிந்தது, நீக்கிவிடுங்கள். மற்றவற்றுக்கு எல்லாவற்றையும் முதலில் மறுத்துவிட்டு ஆரம்பிப்பது என் வழக்கம். ஆண்ட்ராய்டு 6 முதல் ஒவ்வொரு அனுமதியையும் தேவைப்படும்போது தனித்தனியாகக் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு 11-இல் "இந்த ஒரு முறை மட்டும்" என்ற தேர்வும் வந்துவிட்டது. மறுத்தாலும் செயலி ஒழுங்காக நடந்தால் அந்த அனுமதி அதற்குத் தேவையே இல்லை. மறுத்த உடனே முரண்டு பிடித்தால், எதற்குக் கேட்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஓரிரு நாள் கழித்து திரும்பவும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள தனியுரிமைப் பலகையில் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை எந்தச் செயலி எப்போது தொட்டது என்று நேரத்தோடு இருக்கும். ஐபோனில் திரையின் மேல் ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால் மைக், பச்சைப் புள்ளி தெரிந்தால் கேமரா. நீங்கள் பேசாதபோது ஆரஞ்சு எரிந்தால் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அது.

படி 4: வெளியே வந்து பாருங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

குறிப்பெடுக்கும் செயலி ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். உங்கள் எல்லாக் குறிப்புகளையும் போடாதீர்கள். பத்துப் பதினைந்து போதும், ஆனால் பொறுக்கி எடுத்தவையாக இருக்கட்டும்: படம் உள்ள ஒன்று, அட்டவணை உள்ள ஒன்று, இணைப்புகள் நிறைந்த ஒன்று, தலைப்பே இல்லாத ஒன்று, மிக நீளமான ஒன்று, முழுக்கத் தமிழில் ஒன்று. அப்புறம் எக்ஸ்போர்ட் பொத்தானைத் தேடுங்கள். அது செட்டிங்ஸின் அடி ஆழத்தில்தான் இருக்கும். வெளியே எடுத்ததை வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். படங்கள் கூடவே வந்தனவா? எழுதிய தேதிகள் அப்படியே இருக்கின்றனவா, இல்லை எல்லாக் குறிப்பும் இன்றைய தேதியைக் காட்டுகிறதா? ஃபோல்டர்கள் தங்கினவா? பிடிஎஃப் ஆக மட்டும் தருகிறது என்றால் அதைப் படிக்கலாம், வேறு செயலியில் வைத்துத் தொடர்ந்து வேலை செய்ய முடியாது. சாதாரண எழுத்துக் கோப்பு, மார்க்டவுன் (எளிய குறிகளோடு கூடிய எழுத்துக் கோப்பு), சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) போன்றவற்றில் தந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே தனியாக மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது தேடல். "கொ" என்ற எழுத்தை, கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சரியாக எழுதப்படாத செயலியில் ஒரு விதமாக உள்ளிட்டதை இன்னொரு விதமாகத் தேடினால் கிடைக்காது. கணினியில் எழுதிய ஒரு குறிப்பை போன் கீபோர்டில் தட்டித் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, பிடிஎஃப் ஆக்கிய பிறகு அதிலிருந்து ஒரு பத்தியைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டுவது. கொம்பும் காலும் இடம் மாறிக் குதறி வந்தால், அந்தக் கோப்பில் நாளைக்கு எதையும் தேடி எடுக்க முடியாது. மூன்றாவது, சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது தமிழ் புரியாத குறிகளாகத் தெரிவது. இதற்காகச் செயலியைக் குறை சொல்லிவிடாதீர்கள். எக்செலில் தரவு இறக்குமதி வழியாகப் போய் யூடிஎஃப்-8 (யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறை) என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்று தோன்றலாம். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. வருந்தியவர்கள் நிறைய, ஆனால் படித்துவந்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற பொதுவான வடிவத்தில் எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போக முடிந்தது. கூகுள் குடும்பத்தின் இன்னொரு கதை ரிவால்வ். வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் பெட்டி அது. நெஸ்ட் நிறுவனம் 2014-இல் அந்தக் கம்பெனியை வாங்கி, 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் அன்றோடு வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டன. அதை எடுத்துக்கொண்டு போக வேறு இடமே இல்லை.

படி 5: நிஜ வேலையைக் கொடுங்கள்

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். செயலிகளுக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் தாராளம் என்றாலும், முதல் வாரத்து உற்சாகத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு மாதம் வையுங்கள். மாதக் கடைசியில் வரும் கணக்கு வேலை, நடுவில் வரும் ஒரு பயணம், அவசரமான ஒரு நாள் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

அந்த மாதத்தில் பழைய முறையை நிறுத்தாதீர்கள். புதியதில் ஒரு பகுதியை மட்டும் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். புதிய போன், புதிய காலண்டர், புதிய மின்னஞ்சல் செயலி மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால், நினைவூட்டல் வராமல் போனதற்கு எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வேண்டுமென்றே கஷ்டமும் கொடுத்துப் பாருங்கள். ஃபிளைட் மோடில் வைத்து ஒரு குறிப்பை எழுதுங்கள். இன்னொரு கருவியிலும் அதே குறிப்பை மாற்றுங்கள். பிறகு இரண்டையும் இணையத்தில் விடுங்கள். நல்ல செயலி இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொண்டு உங்களைக் கேட்கும். மோசமானது ஒன்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிச் செயலிகள் கழிந்துவிடும் என்பது என் கணிப்பு. பேட்டரி சேமிப்பை இயக்கிவிட்டு நினைவூட்டல் நேரத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு ஒரு தனி வழி. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் கேள்வி கேளுங்கள். தெரியாததைக் கேட்டால் எந்தப் பதிலும் நன்றாகத்தான் தோன்றும். உங்கள் தொழிலில் நுணுக்கமான ஒன்றைக் கேட்டு, எங்கே சறுக்குகிறது, சறுக்கும்போது தயங்குகிறதா அடித்துப் பேசுகிறதா என்று கவனியுங்கள். நீங்கள் தட்டுவதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்ற தேர்வு செட்டிங்ஸில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். அடுத்தவர் பெயர் உள்ள ஆவணத்தைச் சோதனைக்காக உள்ளே போடாதீர்கள்.

படி 6: காசு விஷயம்

இலவச டிரையல் தொடங்கும் அன்றே காலண்டரில், முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு நினைவூட்டல் வையுங்கள். செயலியை நீக்குவதால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோரிலோ பிளே ஸ்டோரிலோ சந்தாப் பகுதிக்குப் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். ஆப்பிளில் புதுப்பிக்கும் நேரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும். பல செயலிகளில் டிரையல் ஆரம்பித்த உடனே ரத்து செய்தாலும் மீதி நாட்கள் ஓடும். சிலவற்றில் அந்தக் கணமே மூடிக்கொள்ளும், எனவே ரத்துப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அழுத்துங்கள். வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் முதல் மாதம் மாதச் சந்தாவே போதும்.

படி 7: கருவிகள் வந்தால்

பெட்டியை நிதானமாகப் பிரியுங்கள். அட்டை, உறை, ரசீது எதையும் திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டும்வரை வீசாதீர்கள். கெடு எத்தனை நாள் என்று வாங்கும் முன்பே தெரிந்துகொண்டு, கடினமான சோதனைகளை அந்த நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். குறை இருந்தால் கேபிள் செருகும் எல்லாத் துளைகளையும் பொத்தான்களையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பதிலேயே பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

அட்டையில் அச்சிட்ட எண்களை அப்படியே நம்ப வேண்டாம். 10000 எம்ஏஎச் பவர்பேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. பெருக்கினால் 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டில் வரும்போது அது 7400 ஆகிவிடும், மாற்றும்போது வெப்பமாகப் போவது வேறு. ஆக 5000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், சுமார் ஒன்றரை முறை நிரப்பினாலே நல்ல சரக்கு. அதுபோல 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவதும் மோசடி இல்லை. ஆயிரத்தில் எண்ணுவதற்கும் 1024-இல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

உண்மையான மோசடி மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் நடக்கிறது. உள்ளே 16 ஜிபி மட்டும் இருக்கும், ஆனால் 512 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை (உள்ளே இருந்து சேமிப்பை நடத்தும் சில்லு) மாற்றியிருப்பார்கள். முதல் 16 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் எழுதுவது பழையதன் மேல் விழும், அல்லது காற்றில் போகும். பெயர்கள் தெரியும், கோப்பு திறக்காது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச நிரல்கள் கார்டை முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். சில மணி நேரம் ஆகும். வாங்கிய அன்றே ஓடவிடுங்கள்.

யூஎஸ்பி-சி கேபிள்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் திறமை ஒன்றில்லை. ஒன்று 240 வாட் வரை தாங்கும், இன்னொன்று வேகத்தில் யூஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட்டோடு நின்றுவிடும். புதிய டிஸ்க் மந்தமாக இருந்தால் அதைத் திட்டும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வீட்டு இணையத்தில் சேரும் கேமரா, பிளக், விளக்கு போன்றவைக்கு மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, இணையும்போது பிடிவாதம் பிடித்தால் ரூட்டரின் அலைவரிசையைப் பாருங்கள், இவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். இரண்டு, ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் ஆலையிலேயே வைத்த 60-க்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வைத்தே ஏராளமான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, பெரிய தளங்களையே முடக்கிவிட்டது. ரூட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் இவற்றை அதில் விடுவது இன்னும் பத்திரம். மூன்று, வைஃபை இருக்கும்போதே ரூட்டருக்கு வரும் இணையத்தை மட்டும் துண்டித்துவிட்டு விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரியாவிட்டால் அந்த விளக்கின் ஆயுள் தயாரித்தவரின் சர்வர் கையில் இருக்கிறது. 2022-இல் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம் வீட்டுக்குள்ளேயே கருவிகள் பேசிக்கொள்ள வழி செய்கிறது, வாங்கும்போது அந்த முத்திரை இருந்தால் நல்லது.

படி 8: பீட்டா பதிப்புகள்

முக்கியமான போனில் இயங்குதளத்தின் பீட்டாவை (முழுமையாக வெளியாகும் முன் வரும் சோதனைப் பதிப்பு) போடாதீர்கள், அவ்வளவுதான். ஐபோனில் பீட்டாவில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியாது. பீட்டாவுக்கு முன் கணினியில் தனியாக ஒரு பேக்கப் எடுத்து வைத்திருந்தால்தான் திரும்பலாம். தனிச் செயலிகளின் பீட்டா அவ்வளவு ஆபத்தில்லை. ஆப்பிளின் பீட்டா செயலிகளைத் தரும் டெஸ்ட்ஃபிளைட் வழியாக வரும் ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், உள்ளே போட்டதை அதற்குள் வெளியே எடுத்துவிடுங்கள்.

படி 9: முடிவு, பிறகு சுத்தம்

மாதம் முடிந்ததும் முதல் படியில் எழுதிய அந்த ஒரு வரியை எடுங்கள். அந்த வேலை நடந்ததா? நடந்தது, வெளியேறும் வழியும் இருக்கிறது என்றால் மொத்தத்தையும் மாற்றுங்கள். நடந்தது, ஆனால் வழி இல்லை என்றால், தொலைந்தால் கவலைப்படாத விஷயங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்றால் செயலியை நீக்குவதோடு வேலை முடியாது, கணக்கு அங்கேயே இருக்கும். கணக்குத் தொடங்க விடும் செயலிகள் அதற்குள்ளேயே கணக்கை நீக்கவும் வழி தர வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியிருக்கிறது. எனவே செயலியை அழிக்கும் முன் கணக்கை அழியுங்கள். கூகுள் கணக்கு வழியாக நுழைந்திருந்தால், அந்தக் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் வெளிச் செயலிகளின் பட்டியல் இருக்கும், அங்கேயும் இணைப்பைத் துண்டியுங்கள்.

கருவியைத் திருப்பிக் கொடுக்கிறீர்களா, யாருக்காவது தருகிறீர்களா? வரிசை முக்கியம். முதலில் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், அப்புறம் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை எடுக்காமல் ரீசெட் செய்தால் திருட்டைத் தடுக்கும் பூட்டு உள்ளே அப்படியே நிற்கலாம், அடுத்தவர் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கலாம். மெமரி கார்டையும் சிம்மையும் எடுத்துவிட்டீர்களா என்று பெட்டியை ஒட்டும் முன் ஒரு முறை பாருங்கள்.